சின்னஞ்சிறு உயிரும் கண்காணாப் பகைவரும்

கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரிலிருந்து ஒரு பாட்டியார் திருகோணமலை நகருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, நிறை ஒன்றரைக் கிலோகிராம். பிறந்தவுடனேயே அதனைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்த்துவிட்டார்கள். பாட்டியாரின் கையில் வெளுத்த பழந்துணிகள் கொண்ட ஒரு பொட்டலம், சுடுதண்ணீர்ப் போத்தல், பேரனின் நாவிலே தொட்டுவைக்கவென்று கொண்டுவந்த தேனும் கோரோசனையும். வாயிலில் தாதி மறிக்கிறாள். “அம்மா, இப்போது நீங்கள் உள்ளே வரக்கூடாது” என்கிறாள். பாட்டியாரின் முகம் வாடுகிறது. “மகள், ஆறு பிள்ளை பெற்று வளர்த்த கை இது. இந்தக் கையாலா என் பேரனுக்குத் தீங்கு வரும்?” என்று அவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அதற்கு நியாயமான விடை கூறவேண்டியது நம் கடமை. ஏனெனில், இந்தப் பாட்டியார் ஒருவரல்லர். கிண்ணியாவிலும், குச்சவெளியிலும், நிலாவெளியிலும், கந்தளாயிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்கு விளக்கம் கூறாமல் வாயிலை மட்டும் அடைத்தோமானால், வைத்தியசாலையின் மேல் மனக்கசப்பு வளருமேயன்றி, குழந்தைக்கு யாதொரு நன்மையும் விளையாது.

கோட்டையில்லாத ஊர்

திருகோணமலைத் துறைமுகத்தை இயற்கை மலைகளால் அரண் செய்துவைத்திருக்கிறது. எத்தகைய புயலடித்தாலும் உள்ளே நிற்கும் கப்பலுக்கு ஆபத்துக் குறைவு. கருப்பையும் அத்தகைய துறைமுகமேயாகும். அங்கே இருக்கும்வரை சிசுவுக்குத் தாயின் உடலே கோட்டை. தாயின் குருதியிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி கருவின் கடைசி மூன்று மாதங்களிலேதான் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றது. ஆகவே 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தை, தாய்வீட்டுச் சீதனத்தைப் பெறாமலே புறப்பட்டுவிட்ட பெண்ணைப் போன்றது. அதன் தோலும் மெல்லியது; கிருமிகளைத் தடுக்கும் சுவராகத் தோல் இன்னும் முற்றவில்லை. கிருமியை விழுங்கி அழிக்கவேண்டிய வெண்குருதி அணுக்களும் போதிய வலிமை பெறவில்லை.

இவ்வாறு அரணற்ற உடலுக்குள் ஒரு கிருமி புகுந்து, குருதியிற் பரவி, அதனை எதிர்க்கும் முயற்சியிலே உடலின் உறுப்புகளே நிலைகுலைந்து போகும் நிலையைத்தான் வைத்தியர்கள் ‘செப்சிஸ்’ என்று அழைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சல் வரும்; நடுக்கம் வரும்; வாய்விட்டுச் சொல்லவும் முடியும். பச்சைக் குழந்தைக்கோ காய்ச்சல்கூட வராமலிருக்கலாம். உடல் குளிர்ந்துபோதலும் பாலை மறுத்தலுமே அதன் முறைப்பாடு. இதனை உணர்ந்துகொள்பவர் அருகில் இருந்தால் அது பிழைக்கும்.

இரண்டு வாயில்கள்

கிருமிகள் குழந்தையை அடைவதற்கு இரு வாயில்கள் உண்டு. முதலாவது, பிரசவ வழி. நீர்க்குடம் உடைந்து நெடுநேரமாகியும் பிரசவமாகாவிட்டால், அல்லது தாய்க்குச் சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இருந்தால், அவ்வழியாகக் கிருமி புகக்கூடும். பிறந்து 72 மணித்தியாலங்களுக்குள் தோன்றும் நோயைப் பெரும்பாலும் இந்த வாயிலோடு சம்பந்தப்படுத்துவது மருத்துவ வழக்கம். இரண்டாவது, பிறந்தபின் குழந்தையைத் தொடும் கைகள், அதனோடு சேர்த்து வைக்கப்படும் குழாய்கள், பால் புகட்டும் பாத்திரங்கள், சுற்றியுள்ள நீர், துணி முதலியவை. மூன்று நாட்களுக்குப் பின்னர் தோன்றும் நோய் பெரும்பாலும் இவ்வழியே வருகிறது.

அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய நாடுகளில் முதல் வாயிலிற் காத்திருக்கும் முக்கிய பகைவன் ‘பி பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸ்’ என்னும் கிருமி. நம் தென்னாசிய நாடுகளில் அதன் தொல்லை குறைவு. இங்கே முன்னணியில் நிற்பவர்கள் வேறு. ‘கிளெப்சியெல்லா’ என்பது மனிதரின் குடலிலே வாழ்வது. கைகழுவும் தொட்டியின் ஈரத்திலும் அது உயிர்த்திருக்கும். ‘அசினெற்றோபக்டர்’ என்பது ஈரமில்லாத உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கிற் பிழைத்துக் கிடக்கவல்லது. கட்டிலின் சட்டமும் கருவியின் பொத்தானும் அதற்குப் போதுமான இருப்பிடம். ‘ஈ கோலி’ குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளியேறுவது. ‘ஸ்ரபிலோகொக்கஸ்’ இனத்தவை நமது தோலிலும் மூக்கினுள்ளும் எப்போதும் குடியிருப்பவை. நமக்குத் தீங்கு செய்யாதவை, குழாய் வழியாகக் குழந்தையின் குருதிக்குட் சென்றால் கொடியவையாகின்றன. இவற்றோடு ‘கண்டிடா’ என்னும் பூஞ்சணமும் நிறை மிகக் குறைந்த சிசுக்களைத் தாக்குவதுண்டு.

இப்போது பாட்டியாரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அவருடைய கை அழுக்கான கையன்று, அன்பான கைதான். ஆனால் அக்கையில் அவருக்குத் துணையாய் வாழும் கிருமி, பேரனுக்குப் பகையாய் விளையக்கூடும். முற்காலத்தில் தொற்றுநோய் கண்ட கப்பல் மஞ்சட்கொடி உயர்த்தித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கவேண்டும் என்பது கடல் வழக்கம். கப்பலில் உள்ளவர் தீயவர் என்பதாலன்று, கரையிலுள்ளவரைக் காப்பதற்காகவே அந்த விதி. வாயிலில் மறித்த தாதியும் அதே எண்ணத்துடன்தான் மறித்தாள்.

எட்டு மணித்தியாலக் கணக்கு

கிருமியின் ஆயுதம் அதன் வேகம். வேண்டிய சூடும் உணவும் கிடைத்தால் ஈ கோலிக் கிருமி ஒன்று ஏறக்குறைய 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அந்த வேகம் தடையின்றித் தொடர்ந்தால், எட்டு மணித்தியாலத்தில் ஒன்று 1 கோடியே 67 இலட்சமாகப் பெருகும். உடலுக்குள் இத்துணை வேகமாகப் பெருக எதிர்ப்புச் சக்தி விடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் எதிர்ப்புக் குறைந்த சிசுவின் விஷயத்தில் இக்கணக்கை நாம் மறந்துவிடலாகாது. “விடியட்டும், பார்ப்போம்” என்று ஓர் இரவைக் கடத்துவது, பகைவனுக்குப் படைதிரட்ட நேரங்கொடுப்பதாகும்.

வைத்தியர் குழந்தையின் குருதியிற் சிறிதளவை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று சோதனைக்கு அனுப்புகிறார். விடை வருவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ செல்லலாம். அதுவரை அவர் காத்திருப்பதில்லை. வழக்கமாக அம்பிசிலின், ஜென்ராமைசின் போன்ற மருந்துகளைத் தொடங்கிவிடுகிறார். “நோய் இன்னதென்று தெரியாமலே ஊசி போடுகிறார்களே” என்று உறவினர் சிலர் குறைப்படுவதுண்டு. மேலே கூறிய கணக்கே அதற்கு மறுமொழி.

டில்லியிற் கண்ட உண்மை

இக்கிருமிகளைப் பற்றி நம் பக்கத்து நாட்டில் நடந்த பெரிய ஆராய்ச்சியொன்றை இங்கே எடுத்துரைக்க வேண்டும். 2011 முதல் 2014 வரை டில்லி மாநகரின் மூன்று பெரிய வைத்தியசாலைகளில் அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களை வைத்தியர்கள் நாள்தோறும் கவனித்து வந்தார்கள். அதன் முடிவுகள் 2016 ஆம் ஆண்டில் வெளியாயின. நூறு சிசுக்களில் ஏறக்குறைய 14 பேருக்கு இந்நோய் கண்டது. நோய் கண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்தனர். கண்டுபிடிக்கப்பட்ட கிருமிகளில் அசினெற்றோபக்டர் நூற்றுக்கு 22, கிளெப்சியெல்லா 17, ஈ கோலி 14 என்ற அளவில் இருந்தன.

இரண்டு செய்திகள் வைத்தியர்களைத் திடுக்கிடச் செய்தன. நோயுற்றோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது முதல் 72 மணித்தியாலத்துக்குள்ளேயே தோன்றியது. ஆயினும் அக்கிருமிகள் வைத்தியசாலைச் சூழலிற் காணப்படும் கிருமிகளாகவே இருந்தன. அதாவது, பிரசவ அறையிலேயே, பிறந்த முதல் நாழிகைகளிலேயே பகைவன் காத்திருந்தான் என்று ஐயுற இடமுண்டு. மற்றது, அசினெற்றோபக்டர் கிருமிகளில் நூற்றுக்கு 82 உம், கிளெப்சியெல்லாக் கிருமிகளில் 54 உம் பல மருந்துகளுக்கும் அடங்காதவையாகிவிட்டிருந்தன.

மருந்துக்கு அடங்காமை எங்ஙனம் வருகிறது? கிருமிகளுட் சில இயல்பாகவே மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றுப் பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது இவை தப்பிப் பெருகுகின்றன. தம் தன்மையை அயற் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. தேவையற்ற இடத்தில் மருந்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இத்தேர்வு நடைபெறுகிறது. தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் மருந்துக்கடையிற் குளிகை வாங்கி விழுங்குகிறோம். அல்லது வைத்தியர் ஐந்து நாளுக்குக் கொடுத்ததை இரண்டு நாளில் நிறுத்தி, எஞ்சியதை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். வல்லமை பெற்ற கிருமிகள் நம் குடலில் வளர்ந்து, நம் கையேறி, ஒருநாள் யாரோ ஒரு தாயின் குறைமாதக் குழந்தையைச் சென்றடைகின்றன. அந்தக் குழந்தைக்கு வைத்தியர் எடுக்கும் மருந்து பயனற்றுப் போவதற்கு நாமும் ஒரு காரணமாகிறோம்.

நாம் வென்ற போர்

இவற்றைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. நம் நாடு இதனினும் கொடிய போரொன்றில் வென்ற நாடு. மலேரியா கொள்ளை நோயாய்ப் பரவிய 1935 ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயது நிறையுமுன் இறந்தனர். 1946 இல் அவ்வெண்ணிக்கை 141. அடுத்த ஆண்டிலேயே 101. இன்று பத்துக்கும் குறைவு. அக்காலத்தில் கொப்பூழ்க்கொடி வழியாகப் புகும் ஏற்புவலி, பல சிசுக்களின் வாயைப் பூட்டி, உடலை வில்லாய் வளைத்துக் கொன்றுவிடும். சுத்தஞ்செய்யாத கத்தியும், கொடியின்மேல் வைத்த சாம்பலும் சாணமும் அதற்கு வழி திறந்தன. 1969 இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிமார் வீடுவீடாகச் சென்றனர். பிரசவங்கள் வைத்தியசாலைக்கு வந்தன. இப்போது அந்நோயால் இறந்த சிசுவை இளம் வைத்தியர்கள் கண்டதே இல்லை எனலாம்.

ஆனால் ஒரு வெற்றி மற்றொரு பொறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முன்னர் பிழைத்திருக்கவே முடியாத ஒரு கிலோ நிறைச் சிசுவை இன்று மூச்சுக் கருவியும் குழாயும் கொண்டு காப்பாற்றுகிறோம். காப்பாற்றும் அதே குழாய், கவனம் குன்றினால், கிருமிக்கும் பாதையாகிறது.

கையின் வரலாறு

1847 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் செம்மல்வைஸ், பிரசவ அறைக்குச் செல்லும் மருத்துவர்கள் குளோரின் கரைசலிற் கைகழுவவேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய பிரிவில் நூறு தாய்மாரில் 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர்; 1848 இல் அது ஒன்றை அடுத்துக் குறைந்தது. ஆயினும் தங்கள் கையே நோயைக் கொண்டுசென்றது என்பதைப் பெரிய வைத்தியர்கள் பலர் ஒப்பவில்லை. மதிப்பின்றியே அவர் 1865 இல் மறைந்தார். செம்மல்வைஸ் கைகழுவச் சொன்ன அதே 1847 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். பத்தாண்டுகளின் பின், 1857 இல், பிரசவ வைத்திய நூலொன்றை அவர் தமிழிலேயே வெளியிட்டார். அறிவு மக்கள் மொழியில் வந்தாலன்றி அது வீட்டுக்குள் நுழையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வியன்னாவின் பாடம் நம் பாட்டியாருக்கு மட்டும் உரியதன்று. மிகப் படித்தவர் கைக்கும் அதே விதி. ஒரு தாதி பல குழந்தைகளைப் பார்க்க நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் கையைச் சுத்தஞ்செய்ய அவளுக்கு நேரம் எங்கே? ஒரே தொட்டிலில் இருவரைக் கிடத்தினால் கிருமியைத் தடுப்பதெங்ஙனம்? ஆகவே போதிய தாதிமார், தூய நீர், கட்டிலருகே மதுசாரக் கைத்தைலம், தொட்டில்களுக்கிடையே இடைவெளி என்பவற்றைக் கேட்பது பொதுமக்களின் உரிமையும் கடமையுமாகும். தாய்மாரை மட்டும் குற்றஞ்சொல்வது முறையன்று.

தாயின் மார்பே தொட்டில்

இனி, வாயிலில் நிற்கும் பாட்டியாருக்கு ஒரு நற்செய்தி. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978 இல் ஒரு வைத்தியசாலையில் நெருக்கடி. வெப்பத்தொட்டில்கள் போதவில்லை, கிருமித்தொற்றால் சிசுக்கள் இறந்தன. எட்கார் ரே என்னும் வைத்தியர், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பிலே நிமிர்த்தி அணைத்துக் கட்டச்செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல் இருந்தமையால் ‘கங்காரு முறை’ என்று பெயர் வந்தது. தாயின் சூடு குழந்தையைக் காத்தது. தாய்ப்பால் எந்நேரமும் கிடைத்தது. வைத்தியசாலைக் கிருமிகளுக்குப் பதிலாகத் தாயின் தோலிலுள்ள, அவளுக்குப் பழகிய கிருமிகளே குழந்தையின் தோலிற் குடியேறின.

நெடுங்காலம் வரையில் குழந்தையின் நிலை சீரான பின்னரே இம்முறையைத் தொடங்கினார்கள். பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனத்தார் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளிற் பரீட்சித்தனர். இந்தியாவில் அது நடந்த இடம் டில்லி சப்தர்ஜங் வைத்தியசாலை. முன்னர் கூறிய கிருமி ஆராய்ச்சியில் இடம்பெற்ற மூன்றனுள் அதுவும் ஒன்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 சிசுக்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். 2021 இல் வெளிவந்த முடிவு இது: வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தனர். உடனடியாக மார்பில் அணைக்கப்பட்டவர்களில் 12 பேர். கிருமித்தொற்றென்று ஐயுறத்தக்க நோயும் குறைந்தது. நன்மை இத்துணை தெளிவாய்த் தெரிந்தமையால், பரீட்சையைக் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்திவிட்டார்கள்.

அப்பரீட்சையில் தாய்க்கு உடல்நலமில்லாத வேளைகளில் குடும்பத்துப் பெண்ணொருத்தி குழந்தையை அணைத்திருக்க இடமளித்தார்கள். அம்மம்மாவாயினும் உம்மம்மாவாயினும், தூய மார்பும் தூய கையும் இருந்தால், அவரே ஒரு தொட்டில்! வைத்தியசாலை அனுமதிக்குமிடத்து, “எப்போது நாங்கள் உள்ளே வரலாம், எப்படிக் கைகழுவ வேண்டும்?” என்று தாதியரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வீட்டிலுள்ளோர் கவனத்துக்கு

குழந்தை வீடு வந்தபின்னும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. பின்வரும் அறிகுறிகளில் ஒன்றேனும் காணப்பட்டால் கைவைத்தியம் செய்யாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். முன்போலப் பால் குடியாமை, வலிப்பு, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சுவிடும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே ஒடுங்குதல், உடற்சூடு 38 பாகையை எட்டுதல், அன்றி 35.5 பாகைக்குக் கீழே குளிர்ந்துபோதல். தொட்டு எழுப்பினாலன்றி அசையாதிருத்தல். “குழந்தை சமர்த்தாய் உறங்குகிறது” என்று மகிழ்வதற்கு முன், பாலுக்கு எழுகிறதா என்று பாருங்கள்.

பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பாலைக் கொடுங்கள். அந்த மஞ்சள் நிறப் பாலில் நோயெதிர்ப்புப் பொருள்கள் மிகுதி. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றித் தேனும் வேண்டாம், கோரோசனையும் வேண்டாம், சீனித் தண்ணீரும் வேண்டாம். கொப்பூழ்க்கொடியில் எதனையும் பூசாமல் உலரவிடுங்கள். குழந்தையைத் தூக்குமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். தடிமன், வயிற்றோட்டம், தோற்புண் உள்ளவர்கள் சிலநாள் பொறுத்திருந்து வாருங்கள்.

நம் முன்னோர் தாயையும் பிள்ளையையும் துடக்கென்று சொல்லி முப்பத்தொரு நாளும், முஸ்லிம் குடும்பத்தார் நாற்பது நாளும் வீட்டோடிருத்தினர். நோய்க் கப்பலை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திய வெனிஸ் நகரத்தாரை இவ்வழக்கம் நினைவூட்டுகிறது. விருந்தாளிக் கூட்டம் குழந்தையை நெருங்காதிருக்க அது உதவியிருக்கும். அந்நன்மையைக் கைக்கொள்வோம், ஆனால் நோய்க்குறி தோன்றியபின்னும் “துடக்குக் கழியட்டும்” என்று காத்திருக்கும் பிழையைச் செய்யாதிருப்போம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், அந்நீர்ப்பரப்பைப் பாதையிலேறிக் கடக்கக் காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அத்தாமதம் இல்லை. எஞ்சியிருப்பது நம் மனத்தின் தாமதமே.

பாட்டியாரை வாயிலிலேயே விட்டுவிட்டோம். தாதி அவரை அழைத்துச் சென்று குழாயடியில் நிறுத்துகிறாள். பாட்டியார் காப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவுகிறார். தேனும் கோரோசனையும் பொட்டலத்திலேயே இருக்கட்டும். ஆறு பிள்ளை வளர்த்த அந்தக் கை, ஏழாவதாக ஒரு பிள்ளையைக் காப்பதற்கு இப்போது ஆயத்தமாகிவிட்டது.